ஜெம் கராஜா: பிறர் குரலில் பாடிய ராக் கலைஞர்

துருக்கியின் ராக் இசை வரலாற்றில் ஜெம் கராஜா (1945–2004) வகிக்கும் இடத்தைக் குறித்துப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எர்கின் கோராய், பாரிஷ் மான்ச்சோ ஆகியோருடன் சேர்த்து, நாட்டுப்புறப் பாடல் மரபை மின்கிட்டாரோடு இணைத்த அனத்தோலிய ராக் என்னும் வகையின் மூலவர்களுள் ஒருவராகவே அவர் எண்ணப்படுகிறார். ஆனால் அவருடைய வாழ்வை எவ்வாறு பொருள்கொள்வது என்ற கேள்வியில் இன்றும் இரண்டு எதிரெதிரான நிலைப்பாடுகள் நிலவுகின்றன. 1970களில் தொழிலாளர்களின் குரலாக நின்று, அதற்காகவே குடியுரிமையைப் பறிகொடுத்த போராளியாக அவரைக் காண்பது ஒரு நிலைப்பாடு. 1987இல் அன்றைய பிரதமரின் இசைவோடு நாடு திரும்பியதன் மூலம் தம் கொள்கையைக் கைவிட்டவராக அவரைக் காண்பது மற்றொன்று. இவ்விரு பார்வைகளும் அவரை முதன்மையாக ஓர் அரசியல் மனிதராகவே அளக்கின்றன. அவருடைய கலையின் இயல்பை முன்வைத்து அளந்தால் அந்த வாழ்வில் வேறொரு தொடர்ச்சி புலப்படுகிறது என்பதும், அத்தொடர்ச்சி நாடக மேடையிலிருந்து வந்தது என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

அனத்தோலிய ராக் உருவான சூழல்

துருக்கியின் ஆசியப் பெருநிலப்பகுதியான அனத்தோலியாவில், சாஸ் அல்லது பாலாமா எனப்படும் நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவியை மீட்டியபடி ஊர் ஊராகச் சென்று பாடும் கவிஞர்கள் ஆஷிக் என்று அழைக்கப்பட்டனர். காதல், பிரிவு, இறைத்தேடல் ஆகியவற்றோடு, வரி வசூலிப்போர் மீதான கோபத்தையும் ஆட்சியாளர் மீதான எதிர்ப்பையும் பாடிய இம்மரபு, நூற்றாண்டுகளாக வாய்மொழியாகவே கைமாறி வந்தது. 1923இல் உருவான குடியரசு, நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டுவதையும் மேற்கத்திய இசைப் பயிற்சியை வளர்ப்பதையும் ஒருசேர ஊக்குவித்தபோதிலும், இஸ்தான்புல் நகரத்து இளைஞர்களுக்கும் கிராமத்து ஆஷிக்குகளுக்கும் இடையிலான தொலைவு குறைந்துவிடவில்லை.

1950களின் இறுதியில் ராக் அண்டு ரோல் இசை துருக்கியின் பெருநகரங்களை எட்டியபோது, அதைப் பயின்றவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மொழிவழிப் பள்ளிகளின் மாணவர்களாக இருந்தனர். அவர்கள் ஆங்கிலத்திலேயே பாடினர். 1961இல் ஃபெக்ரி எப்ஜியோலு, வெளிநாட்டு மெட்டொன்றுக்குத் துருக்கிய மொழியில் வரிகள் எழுதி, அதை இல்ஹாம் கென்ஜர் பாடிய பிறகு, அரான்ஷ்மான் எனப்பட்ட மெட்டுத் தழுவல் முறை பரவியது. மொழி துருக்கியமானாலும் மெட்டு இரவலாகவே இருந்த இந்நிலைக்கு மாற்றாக, 1964இல் துலாய் ஜெர்மன் என்னும் பாடகி, பெல்கிரேடில் நடந்த பால்கன் இசை விழாவில் அனத்தோலிய நாட்டுப்புறப் பாடலொன்றை மேற்கத்தியக் கருவிகளோடு பாடிப் பாராட்டுப் பெற்றார். உள்ளூர் மெட்டுகளை நவீன மேடைக்குக் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது.

அந்த நம்பிக்கைக்கு நிறுவன வடிவம் தந்தது ஹுர்ரியத் நாளேடு 1965 முதல் 1968 வரை நடத்திய ‘ஆல்ட்டின் மிக்ரோஃபோன்’, அதாவது ‘தங்க ஒலிவாங்கி’ என்னும் போட்டியாகும். பாடல் துருக்கிய மொழியில் அமைந்து மேற்கத்தியக் கருவிகளால் இசைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை, அதுவரை பீட்டில்ஸ் பாடல்களைப் படியெடுத்துக் கொண்டிருந்த குழுக்களைத் தங்கள் நாட்டின் பாடல் களஞ்சியத்தை நோக்கித் திருப்பியது. இறுதிச் சுற்றை எட்டிய குழுக்கள் பல நகரங்களுக்குச் சுற்றுப்பயணம் செய்ததும், அவற்றின் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளியானதும், இஸ்தான்புல்லுக்கு வெளியேயும் ஒரு புதிய கேட்போர் கூட்டத்தை உருவாக்கின. 1960 இராணுவத் தலையீட்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த 1961 அரசியலமைப்பு, தொழிற்சங்கங்களுக்கும் இடதுசாரிக் கருத்துகளுக்கும் முன்னெப்போதையும் விடக் கூடுதலான இடம் அளித்திருந்ததும் இவ்விசையின் பிற்கால அரசியல் நிறத்துக்கு ஒரு காரணமாயிற்று.

நாடகக் குடும்பத்துப் பிள்ளை

கராஜா 1945 ஏப்ரல் 5 அன்று இஸ்தான்புல்லில் பிறந்தார். அஜர்பைஜானிய மரபைச் சேர்ந்த அவருடைய தந்தை மெஹ்மெத் கராஜா நாடக நடிகர். ஆர்மீனிய மரபில் பிறந்த தாய் இர்மா ஃபெலெக்யான், தோதோ கராஜா என்ற மேடைப் பெயரில், இசை நாடகத்திலும் உரையாடல் நாடகத்திலும் திரைப்படத்திலும் புகழ்பெற்றவர். ஒத்திகைகளுக்கும் ஒப்பனை அறைகளுக்கும் இடையில் வளர்ந்த சிறுவனுக்கு, குரல் என்பது பாடுவதற்கு மட்டும் உரியதன்று, ஒரு பாத்திரத்தை நிற்கவைக்கும் கருவியுமாகும் என்ற அறிவு இயல்பாகவே வாய்த்தது. சொற்களை அழுத்தந்திருத்தமாக ஒலித்தல், ஒரு வரியைக் கிசுகிசுப்பாகத் தொடங்கி முழக்கமாக உயர்த்துதல், பாடலின் நடுவில் பேச்சுக்கு மாறித் திரும்பப் பாட்டுக்கு ஏறுதல் என்று பின்னாளில் அவருக்கே உரியனவாக அறியப்பட்ட உத்திகள் அனைத்தும் மேடை நடிகனின் உத்திகளே.

அமெரிக்கர்கள் நிறுவிய ராபர்ட் கல்லூரியில் பயின்ற காலத்தில் எல்விஸ் பிரஸ்லியின் பாடல்களால் ஈர்க்கப்பட்ட அவர், 1960களின் தொடக்கத்தில் டினாமிக்லர், ஜாகுவார்லர் முதலிய குழுக்களில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். மகன் பாடகனாவதைத் தந்தை விரும்பவில்லை. இப்பருவத்துப் பாடல்களில் தனித்தன்மை என்று சொல்லத்தக்கது குறைவு. திருப்பம் நிகழ்ந்தது கட்டாய இராணுவப் பணிக்காக அவர் தென்கோடி நகரான அந்தாக்யாவுக்குச் சென்றபோதுதான். பல வட்டாரங்களிலிருந்து வந்த சிப்பாய்களிடையே வாழ்ந்த அந்நாட்களில், அதுவரை அவர் நெருங்கியறியாத ஆஷிக் பாடல்களும் அனத்தோலியப் பேச்சு வழக்குகளும் அவருடைய செவிக்குப் பழகின. பணி முடிந்து இஸ்தான்புல் திரும்பியவர் ஆங்கிலப் பாடல்களை விட்டு அப்பாடல்களின் பக்கம் நகர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அனத்தோலியக் கிராமத்தின் குரல் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவர், அந்தக் கிராமத்தில் பிறந்தவருமல்லர், அதன் வறுமையில் வளர்ந்தவருமல்லர். ஆர்மீனியத் தாய்க்கும் அஜர்பைஜானியத் தந்தைக்கும் பிறந்து, அமெரிக்கக் கல்லூரியில் படித்த இஸ்தான்புல்வாசி அவர். தமக்கு அந்நியமான ஒரு வாழ்வை உற்றுக் கேட்டு, அதன் சொல்லையும் மூச்சையும் தம்முடையனவாக்கிக் கொண்டார். ஒரு நடிகன் பாத்திரத்துக்குள் நுழையும் வழியும் அதுவே.

குழுக்களின் வரிசை: 1967 முதல் 1974 வரை

1967இல் அபாஷ்லார் குழுவுடன் இணைந்த கராஜா, அவ்வாண்டின் தங்க ஒலிவாங்கிப் போட்டியில் ‘எம்ரா’ என்ற பாடலுக்காக இரண்டாம் இடம் பெற்றார். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்சுரும்லு எம்ரா என்னும் ஆஷிக் கவிஞரின் வரிகளை மின்கிட்டாரும் டிரம்ஸும் முழங்கப் பாடிய அப்பாடலில், அவருடைய கனத்த கீழ்ச்சுருதிக் குரல் முதன்முறையாகத் தன் களத்தைக் கண்டடைந்தது. அதன் பின் ஜெர்மனி சென்று ஃபெர்டி கிளைன் இசைக்குழுவின் துணையோடு பல பாடல்களைப் பதிவு செய்தார். 1968இல் வெளிவந்த ‘ரெசிம்தெகி கொஸ்யாஷ்லாரி’, அதாவது ‘படத்தின் மேல் கண்ணீர்’ என்ற காதல் பாடல், இன்றளவும் துருக்கியில் தலைமுறை கடந்து பாடப்படுகிறது.

அபாஷ்லாரின் கிட்டார் கலைஞர் மெஹ்மெத் சோயார்ஸ்லான் மேற்கத்திய நடையை விரும்ப, கராஜாவோ நாட்டுப்புற மரபிலும் சமூகப் பொருளிலும் மேலும் ஆழ்ந்து செல்ல விரும்பியதால் இருவரும் 1969இல் பிரிந்தனர். அதே ஆண்டில் பேஸ் கிட்டார் கலைஞர் செய்ஹான் கராபாயுடன் சேர்ந்து கார்தாஷ்லார், அதாவது ‘உடன்பிறப்புகள்’ என்ற குழுவை அவர் அமைத்தார். 1970இல் வெளியான ‘தாதாலோலு’ இக்குழுவின் பெரிய வெற்றியாகும். தாதாலோலு என்பவர் 19ஆம் நூற்றாண்டில், டாரஸ் மலைப்பகுதியில் மேய்ச்சல் நிலம் தேடி இடம்பெயர்ந்து வாழ்ந்த அவ்ஷார் இனக்குழுவின் கவிஞர். அம்மக்களை ஓரிடத்தில் வலிந்து குடியமர்த்த ஓட்டோமான் அரசு 1865இல் படை அனுப்பியபோது எழுந்த எதிர்ப்பின் குரலாக அவருடைய பாடல்கள் நினைவுகூரப்படுகின்றன. பழைய வரிகளே ஆயினும், அரசாணைக்குப் பணிய மறுக்கும் ஒரு மலைவாசியின் சொற்கள், மாணவர் கிளர்ச்சிகளும் வேலைநிறுத்தங்களும் பெருகியிருந்த 1970இன் துருக்கியில் அன்றைய நாளைப் பற்றியனவாகவே கேட்கப்பட்டன. 1971 மார்ச் 12 அன்று படைத் தலைவர்கள் விடுத்த எச்சரிக்கை அறிக்கையால் அரசு பதவி விலக நேர்ந்த பிறகு, மரபுப் பாடலின் போர்வை கலைஞர்களுக்கு மேலும் தேவையாயிற்று.

1972இல் துருக்கிய இசை உலகில் அரிதான ஒரு பரிமாற்றம் நிகழ்ந்தது. ‘மங்கோலியர்கள்’ என்று பொருள்படும் மொகொல்லர் குழுவுக்குக் கராஜா சென்றார். அக்குழுவின் பாடகர் எர்சென் கார்தாஷ்லாருக்கு வந்தார். ‘அனத்தோலிய பாப்’ என்ற பெயரைத் தம் இசைக்குச் சூட்டிப் பரப்பியவர்கள் மொகொல்லர் குழுவினரே. நாட்டுப்புற ஆட்டங்களின் ஒற்றைப்படைத் தாளங்களை மின்கருவிகளில் வாசித்து அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு, 1971இல் பிரான்சின் ஷார்ல் குரோ கழகத்தின் இசைத்தட்டுப் பரிசைப் பெற்றிருந்தது. கிட்டாரோடு வில்லிட்டு இசைக்கும் தம்பூர் முதலிய மரபுக் கருவிகளிலும் தேர்ந்த காஹித் பெர்காயின் இசையும் கராஜாவின் குரலும் இணைந்தபோது, இவ்வகையின் மிக முதிர்ந்த பாடல்கள் சில பிறந்தன. அவற்றுள் தலையாயது 1974இல் வெளியான ‘நாமுஸ் பெலாசி’.

இரண்டு பாடல்கள்

‘நாமுஸ்’ என்பது குடும்ப மானம், குறிப்பாகப் பெண்களின் ஒழுக்கத்தோடு பிணைத்து ஆண்கள் காக்க வேண்டியதாகக் கருதப்படும் மானம். ‘பெலா’ என்பது அதனால் வந்து சேரும் கேடு. மானத்தின் பெயரால் கொலை செய்துவிட்டுச் சிறைக்கு வந்த ஒருவனே இப்பாடலில் பேசுகிறான். சிறைப்பட்டவனுக்கு அறிவுரை கூற ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும், துன்ப நாளில் சொந்தமெல்லாம் எவ்வாறு அந்நியமாகிறது என்பதையும் அவன் கசப்போடு எண்ணிப் பார்க்கிறான். மானக் கொலையைக் கண்டித்து நேரடியாக ஒரு சொல்லும் பாடலில் இல்லை. கொன்றவனைப் புகழும் சொல்லும் இல்லை. ஊர் வகுத்த சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவனை அந்த ஊரே கைவிட்டுவிட்ட நிலை மட்டும் அவன் வாயாலேயே வெளிப்படுகிறது. தீர்ப்பைக் கேட்போரிடம் விட்டுவிடும் இந்த முறை, நாடகத்தில் தனிமொழி என்று சொல்லப்படுவதன் இலக்கணமாகும்.

1975இல் வெளியான ‘தமிர்ஜி சிராயி’, அதாவது ‘பழுதுபார்க்கும் பட்டறைச் சிறுவன்’, இம்முறையின் உச்சம். மோட்டார் பட்டறையில் தொழில் பழகும் ஒரு பையன், காரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த செல்வந்தப் பெண்மீது காதல் கொள்கிறான். சாயம் பூசிய நகங்களோடு கூடிய அவளுடைய மென்மையான கைகளைக் கண்டதும், தன் உள்ளங்கைக் காய்ப்புகளை எங்கே மறைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பளபளப்பான அட்டை போட்ட, விலையுயர்ந்த ஒரு நாவலில் இப்படிப்பட்ட காதலை அவன் படித்திருக்கிறான். அதில் பணக்காரப் பெண் பட்டறைப் பையனைக் காதலிக்கிறாள். அவள் காரை எடுக்க வரும் நாளில், இன்று வேலையுடை அணியப் போவதில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ரசம் மங்கிய கண்ணாடியில் தலையைச் சீவிக்கொள்கிறான். அவள் வருகிறாள், அவன் கார்க் கதவைத் திறந்துவிடுகிறான், இந்தப் போக்கிரி யார் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டுவிட்டு அவள் காரை ஓட்டிச் செல்ல, புகையில் மூச்சுத் திணறி அவன் நிற்கிறான். மேஸ்திரி வந்து முதுகில் தட்டி, நாவல்களை மறந்துவிட்டு வேலையுடையைப் போட்டுக்கொள்ளச் சொல்வதோடு பாடல் முடிகிறது.

இக்கதையில் வர்க்கம் என்ற சொல் ஒருமுறையும் வருவதில்லை. ஆயினும் நகச்சாயம், கைக்காய்ப்பு, நாவலின் அட்டை, மங்கிய கண்ணாடி, கார்ப் புகை ஆகிய ஐந்து பொருள்களைக் கொண்டே, இரு வர்க்கங்களுக்கு இடையில் உள்ள தொலைவு முழுவதும் அளக்கப்பட்டுவிடுகிறது. கராஜாவின் குரல் பையனாகவும், அவனை ஏவும் மேஸ்திரியாகவும், புருவம் உயர்த்தும் பெண்ணாகவும் மாறி மாறி நிற்க, ஆர்கனும் மின்கிட்டாரும் அந்த மாற்றங்களுக்கு மேடையமைத்துத் தருகின்றன. மேஸ்திரியின் கடைசிச் சொற்களைத் தோல்வியை ஏற்கும் பணிவாகவும் கேட்கலாம், தொழிலாளி தன் தன்மானத்தை அறியும் தருணமாகவும் கேட்கலாம் என்பதே இப்பாடலை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

அரசியலின் பத்தாண்டு

மொகொல்லர் குழுவைப் பிரான்சில் நிலைநிறுத்த காஹித் பெர்காய் விரும்பியதாலும், கராஜா துருக்கியக் கேட்போரை விட்டு விலக விரும்பாததாலும், 1974இல் அவர் தெர்விஷான் என்ற புதிய குழுவை அமைத்தார். பெயர் சூஃபித் துறவிகளைக் குறித்தாலும், இக்குழுவின் இசை, நீண்ட பகுதிகளும் சிந்தசைசர் ஒலியும் கொண்ட முற்போக்கு ராக் வகையைச் சார்ந்திருந்தது. அதன் பாடுபொருள் வெளிப்படையான இடதுசாரி அரசியலாயிற்று. 1977இல் வெளிவந்த ‘யோக்சுல்லுக் காதேர் ஒலாமாஸ்’ தொகுப்பின் தலைப்பே வறுமை விதியாக இருக்க முடியாது என்ற அறிவிப்பாக அமைந்தது.

அதே ஆண்டில் ‘1 மாயிஸ்’ என்ற மே நாள் பாடலை அவர்கள் பதிவு செய்தனர். மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தழுவி பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய நாடகத்தின் துருக்கிய மேடையேற்றத்துக்காக சர்பெர் ஒஸ்சான் இயற்றிய அணிவகுப்புப் பாடல் அது. இங்கும் மூலம் நாடகமே என்பது கவனத்துக்குரியது. 1977 மே 1 அன்று இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து, அதிலும் அதனால் எழுந்த நெரிசலிலும் குறைந்தது 34 பேர் உயிரிழந்த பிறகு, மே நாளைப் பாடுவதே அபாயத்துக்குரிய செயலாக மாறியது. வலதுசாரி, இடதுசாரி ஆயுதக் குழுக்களின் மோதலில் நாள்தோறும் உயிர்கள் பலியான அந்த ஆண்டுகளில், கராஜாவின் நிகழ்ச்சி மேடையும் அரசியல் மேடையும் பிரித்தறிய முடியாதவையாயின.

இக்காலத்துப் பாடல்களின் கலைத்தரம் ஒரே சீரானதன்று. கோஷத்துக்கு அருகில் செல்லும் பாடல்களில், பாத்திரத்தின் குரல் மறைந்து பேச்சாளரின் குரல் மேலோங்குவதால், பட்டறைச் சிறுவனின் பாடலில் காணும் நுட்பம் அவற்றில் இல்லை. 1978இல் தெர்விஷான் கலைந்தபின், துருக்கியின் மேற்கெல்லை நகரான எதிர்னேயையும் வடகிழக்குக் கோடியிலுள்ள அர்தஹானையும் இணைத்து எதிர்தஹான் என்று பெயரிடப்பட்ட குழுவோடு அவர் வெளியிட்ட ‘சஃபினாஸ்’, இக்குறையை உணர்ந்து செய்த படைப்பாகத் தோன்றுகிறது. ஏழைப் பெண்ணொருத்தியின் கதையை ஏறத்தாழ 18 நிமிடம் நீளும் ராக் இசை நாடகமாக விரித்த அப்படைப்பில், பல பாத்திரங்களின் குரல்களும் கதைசொல்லியின் குரலும் மாறி மாறி வருகின்றன. நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய இசைத்தட்டுகளே சந்தையை ஆண்ட நாட்டில், இவ்வளவு நீண்ட ஒரே படைப்பை வெளியிட்டது துணிவான முயற்சியாகும்.

குடியுரிமை பறிக்கப்பட்டவர்

1980 செப்டம்பர் 12 அன்று தளபதி கெனான் எவ்ரென் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கராஜா மேற்கு ஜெர்மனியில் இருந்தார். அவருடைய பாடல்கள் மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவன என்ற குற்றச்சாட்டின் பேரில் அவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. நாடு திரும்பி விசாரணையை எதிர்கொள்ளுமாறு அரசு கெடு விதித்தது. அவர் திரும்பவில்லை. 1983 ஜனவரி 6 அன்று அவருடைய துருக்கியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. திரைப்பட இயக்குநர் யில்மாஸ் குனேயும் அதே நாளில் குடியுரிமை இழந்தார். தந்தை மெஹ்மெத் கராஜா இறந்தபோது இறுதிச் சடங்குக்குக்கூட மகனால் செல்ல முடியவில்லை.

இத்தண்டனையின் பரப்பை அறியாமல் கராஜாவின் பிற்கால முடிவுகளை எடைபோட இயலாது. அந்த இராணுவ ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழ 6.5 லட்சம் பேர் கைதாகினர். 14,000 பேர் குடியுரிமை இழந்தனர். 50 பேர் தூக்கிலிடப்பட்டனர். நாட்டிலேயே தங்கிய பாடகி செல்டா பாஜான் பலமுறை சிறைசென்றார். யில்மாஸ் குனே 1984இல் பாரிஸில் நாடற்றவராகவே இறந்தார். அவர்களுக்கு முந்திய தலைமுறையில், 1951இல் குடியுரிமை பறிக்கப்பட்ட கவிஞர் நாஸிம் ஹிக்மத் 1963இல் மாஸ்கோவில் காலமானார். அவருக்குக் குடியுரிமை திரும்பியது 2009இல்தான். நாடற்ற நிலை சாவில்தான் முடியும் என்பதற்கு இத்தனை சான்றுகள் கராஜாவின் கண்முன்னும் நினைவிலும் இருந்தன. அவர் இசையமைத்துப் பாடிய கவிதைகளுள் நாஸிம் ஹிக்மத்தின் கவிதைகள் தனி இடம் பெறுவதற்கு இந்த விதி ஒற்றுமையும் ஒரு காரணமாகலாம்.

ஜெர்மனியில் அவர் வாழ்ந்த ஆண்டுகள், துருக்கிய ரசிகர்களின் நினைவில் வெறுமையான இடைவெளியாகவே பெரும்பாலும் தங்கிவிட்டன. உண்மையில் அக்காலத்தில்தான் அவர் தம் கலையை மற்றொரு மக்கள்திரளுக்குக் கொண்டுசென்றார். 1961 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ‘விருந்துத் தொழிலாளர்’ என்ற பெயரில் துருக்கியரை ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வரவழைத்த மேற்கு ஜெர்மனி, 1980களின் தொடக்கத்தில் பொருளாதாரம் மந்தமானபோது அவர்களைச் சுமையாகக் கருதத் தொடங்கியிருந்தது. நாடு திரும்ப இசைபவர்களுக்கு 10,500 மார்க் வழங்கும் சட்டம் 1983இல் வந்தது. அந்தச் சூழலில், 1984இல் கராஜா ஜெர்மன் மொழியிலேயே பாடி வெளியிட்ட தொகுப்புக்கு ‘டி கனாக்கன்’ என்று பெயரிட்டார். புலம்பெயர்ந்த தொழிலாளர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட வசைச்சொல் அது. வசையை ஏற்று அதையே பெயராகச் சூட்டிக்கொண்ட அத்தொகுப்பின் பாடல்கள், தொழிலாளர் வாழ்வு பற்றிய ஒரு மேடை நாடகத்தோடு தொடர்புடையவை. உழைப்புக்காக ஆட்களைக் கூப்பிட்ட நாட்டுக்கு மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃபிரிஷ் 1960களில் முன்வைத்த சிந்தனையின் எதிரொலியை இவற்றில் கேட்கலாம். அந்தாக்யாவில் சிப்பாய்களின் பாடலைக் கேட்டவர், ஜெர்மன் நகரங்களில் ஆலைத் தொழிலாளியின் குரலை எடுத்துக்கொண்டார். மொழி மாறியது, பிறருக்காகப் பேசும் முறை மாறவில்லை.

திரும்புதலும் அதன் மீதான விவாதமும்

1983 தேர்தலில் வென்று பிரதமரான துர்குத் ஒசால் ஜெர்மனிக்கு வந்திருந்தபோது, 1985இல் மியூனிக் நகரில் கராஜா அவரைச் சந்தித்து நாடு திரும்பும் விருப்பத்தைத் தெரிவித்தார். சட்டத் தடைகள் நீங்கி, 1987 ஜூன் 29 அன்று அவர் துருக்கி மண்ணில் கால்வைத்தார். அதே ஆண்டில் ‘மெர்ஹபா கெஞ்ச்லெர்’ என்று தொடங்கும் நீண்ட தலைப்போடு, இளைஞர்களுக்கும் என்றும் இளமையாக இருப்போருக்கும் வணக்கம் கூறும் தொகுப்பு வெளியாயிற்று.

இடதுசாரி வட்டாரங்களில் எழுந்த எதிர்வினை கடுமையானது. சிறையில் வாடிய தோழர்கள் பலர் இருக்க, இராணுவ ஆட்சியின் பொருளாதாரப் பொறுப்பாளராக இருந்து பிரதமரான ஒருவரோடு கைகுலுக்கித் திரும்பியவரைக் கொள்கை மாறியவர் என்று அவர்கள் சாடினர். பிற்காலத்தில் இறைநம்பிக்கையைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதும் அந்தச் சாடலுக்கு வலுச் சேர்த்தது. இக்குற்றச்சாட்டில் ஒரு நியாயம் உண்டு. பல்லாயிரம் பேர் அவருடைய பாடல்களைத் தங்கள் போராட்டத்தின் குரலாக ஏற்று, அதற்கான விலையையும் கொடுத்திருந்தனர். தாங்கள் நம்பிய குரல் அதிகாரத்தோடு பேச்சு நடத்தியதை அவர்கள் காயமாக உணர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அந்தக் குற்றச்சாட்டு முழுமையானதன்று. குடியுரிமையைப் பறிப்பது ஒரு கலைஞனின்மீது அரசு இழைக்கும் அநீதி; அந்த அநீதியை நீக்கும்படி அதே அரசிடம் கேட்பதைத் தவிர நாடற்றவனுக்கு வேறு வழி இல்லை. மேலும், திரும்பிய பின் அவர் பாடியவற்றைப் பார்த்தால், அதிகாரத்துக்கு இசைந்த பாடகர் என்ற முடிவுக்கு வர இயலாது. 1990இல் காஹித் பெர்காய், விசைப்பலகைக் கலைஞர் உகுர் டிக்மென் ஆகியோருடன் வெளியிட்ட ‘யியின் எஃபெந்திலெர்’ தொகுப்பின் தலைப்புப் பாடல், கவிஞர் தெவ்ஃபிக் ஃபிக்ரெத் 1912இல் அன்றைய ஆட்சியாளர்களின் சூறையாடலைக் கண்டித்து எழுதிய புகழ்பெற்ற கவிதை. நாட்டின் செல்வத்தை விருந்துண்பவர்களைப் பார்த்து உண்ணுங்கள் என்று கூறும் அக்கவிதையை, தனியார்மயமும் திடீர்ச் செல்வமும் பெருகிய ஒசால் ஆட்சியின் காலத்திலேயே பாடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தார். ‘தாதாலோலு’வில் கையாண்ட அதே உத்தியை, அதாவது பழைய கவிஞனின் வாயால் இன்றைய அநீதியைச் சொல்லும் உத்தியை, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் கைவிடவில்லை. 1992இல் வந்த ‘நெர்தெ கால்மிஷ்திக்’, விட்ட இடம் எது என்று கேட்கும் தலைப்பின் வாயிலாகவே, இடையில் அறுபட்ட உறவைக் கேட்போருடன் மீண்டும் தொடங்கியது.

இழப்பு இல்லாமலில்லை. 1970களில் ஒவ்வொரு குழுவும் அவருக்குப் புதிய ஒலியைத் தந்தது. கலைஞர்களிடையே நிகழ்ந்த வாதங்களும் பிரிவுகளும்கூட இசையை முன்னகர்த்தின. நாடுகடந்த ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் அந்தக் கூட்டுழைப்பின் வலைப்பின்னல் அறுந்துபோயிற்று. திரும்பி வந்தபோது துருக்கியில் அரபெஸ்க் எனப்படும் நகர்ப்புறச் சோக இசையும் ஒலிநாடாச் சந்தையும் ஆதிக்கம் பெற்றிருந்தன. பிற்காலத் தொகுப்புகளில் குரல் முதிர்ந்து ஒலித்தபோதும், பின்னணி இசையில் முந்தைய பரிசோதனைத் துணிவு குறைந்தே காணப்படுகிறது. இக்குறைக்குக் கொள்கை மாற்றம் காரணமன்று. கலைஞனை அவன் உழைத்த சூழலிலிருந்து பிடுங்கியெறிந்த செயலே காரணம்.

பிற்கால மதிப்பீடு

1999இல் ‘பிந்திக் பிர் அலாமெதெ’ தொகுப்பை வெளியிட்ட கராஜா, 2004 பிப்ரவரி 8 அன்று இதயச் செயலிழப்பால் இஸ்தான்புல்லில் காலமாகி, உஸ்குதாரிலுள்ள கராஜா அஹ்மெத் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1999இல் பாரிஷ் மான்ச்சோவும் 2023இல் எர்கின் கோராயும் மறைந்ததோடு அனத்தோலிய ராக்கின் மூவர் தலைமுறை முடிவுற்றது. மூவரையும் ஒப்பிட்டால் கராஜாவின் தனித்தன்மை தெளிவாகும். கோராய் ஒலியைப் புதுக்கியவர். பாலாமாவுக்கு மின்னோசை தந்த முன்னோடிகளுள் ஒருவர். மான்ச்சோ தம்மையே ஒரு மக்கள் கதைசொல்லியாக வடித்துக்கொண்டு, தொலைக்காட்சி வழியே குழந்தைகள் முதல் முதியோர் வரை அனைவருக்கும் உறவினரானவர். கராஜாவோ தம்மை மறைத்துக்கொண்டு பிறரை மேடையேற்றியவர். 2000க்குப் பின் மேற்கு நாட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் 1970களின் துருக்கிய ராக் இசையை மறுபதிப்பாக வெளியிட்டபோதும், 2024இல் அவருடைய வாழ்வு திரைப்படமாக வந்தபோதும், அவரை நேரில் அறியாத தலைமுறை அவருடைய பாடல்களுக்கு வந்து சேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவதாக, கராஜாவின் படைப்பு வாழ்வை இணைக்கும் இழை ஒரு கட்சிக் கொள்கையோ ஓர் இசை நடையோ அன்று. தமக்குச் சொந்தமில்லாத வாழ்வுகளை உற்றுக் கேட்டு அவற்றுக்குக் குரல் தரும் நாடகக் கலையே அந்த இழை. மலைவாழ் கவிஞன், சிறைப்பட்ட கொலையாளி, பட்டறைச் சிறுவன், வசைக்குள்ளான புலம்பெயர் தொழிலாளி என்ற வரிசை அதற்குச் சான்று. இரண்டாவதாக, அவருடைய அரசியல் இக்கலையிலிருந்தே கிளைத்தது. அதனால்தான் பாத்திரம் பேசும் பாடல்கள் காலத்தைக் கடந்து நிற்க, கோஷமாகத் தம் குரலில் பேசிய பாடல்கள் பெரும்பாலும் தம் ஆண்டுகளோடு நின்றுவிட்டன. மூன்றாவதாக, 1987இல் அவர் திரும்பி வந்ததைத் துரோகமா, சமரசமா என்று கேட்கும் வாதம், அவரை வெளியேற்றிய அரசின் பொறுப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு பாடகன் தன் தந்தையின் இறுதிச் சடங்குக்குச் செல்வதற்கும் தன் மொழியில் தன் மக்கள்முன் பாடுவதற்கும் ஆட்சியாளரின் இசைவு தேவைப்பட்டது என்பதே இவ்வரலாற்றில் முதலில் கேள்விக்குள்ளாக வேண்டியது. கராஜாவின் மதிப்பீடு இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், அவருடைய பாடல்களுக்கும் அவற்றில் பேசிய மனிதர்களுக்கும் உரிய நியாயம் கிடைக்கும்.